மூணு சுழி உண்ணி

பெல்மோர் தோட்டம்,
ஈப்போ.
புதன்கிழமை, மழைக்குக் கொஞ்சம் முன்னால்.

துயர அறிவிப்பு

ஈப்போ வட்டாரம், பெல்மோர் தோட்டம், பழைய ஆபீஸ் மேட்டுக்குக் கீழே வசித்துவந்தவரும், திருமதி விமலா அவர்களின் வலக்கரமாக விளங்கியவரும், யார் திட்டினாலும் தினமும் தவறாமல் கொதித்தவருமாகிய ரைஸ் குக்கர் அவர்கள், நேற்று மாலை சோறு பாதி வெந்திருந்த நிலையில் ‘டக்’ என்ற ஒரே சொல்லோடு விடைபெற்றார் என்பதை ஆழ்ந்த பசியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னார் அடிப்பிடித்த சட்டி ஒன்றையும் ஆடிப்போன குடும்பம் ஒன்றையும் விட்டுச் சென்றுள்ளார். மலர்வளையம் வேண்டாம். மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலமாக ஏற்கப்படும்.

துக்கத்தில் முதல்வன்,
பவித்ரன் த/பெ தனேஸ்வரன், படிவம் நான்கு.

அன்புள்ள தினேஸ்வரி அக்காவுக்கு,

சிரித்தாயா? சிரித்திருந்தால் இந்தக் கடிதத்தின் பாதி வேலை முடிந்தது. மீதியைப் படி.

இங்கு நாங்கள் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எழுதப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். ஆவலெல்லாம் வெளியூர் போன மாமாவுக்கு. உனக்கு அது பத்தாது. உன் தெர்மாமீட்டர் படம் வேண்டும், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நேற்றுச் சாயங்காலப் படம் வரவில்லை. நீ தூங்கிப்போயிருப்பாய் என்று அப்பாவே தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

“போன் வேணாம்டா தம்பி, அம்மா கொரலக் கேட்டா நான் ஒடஞ்சிடுவேன், நீ எழுது, படிக்கிறேன்” என்று சொன்னாய் அல்லவா, அதனால் நோட்டுத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஏன் வாட்சப்பில் தட்டவில்லை என்று கேட்பாய். தட்டினால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவேன், நீ திட்டுவாய். அதுகூடப் பரவாயில்லை. ஆங்கில எழுத்தில் உண்ணிக்கும் உன்னிக்கும் வித்தியாசமே கிடையாது. நம் குடும்பத்தில் இப்போது நடந்துகொண்டிருக்கும் கலவரமே அதனால்தான். அதைக் கீழே சொல்கிறேன், இரு.

முதலில் அங்கே ஆஸ்பத்திரியில் உனக்குக் கிடைத்த தனி அறை பற்றி. இந்த வீட்டில் இருந்தவரை தனி அறை வேண்டும் என்று எத்தனை வருடம் அழுதாய். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது ஜெர்மனிக்காரர்களே பார்த்து, கண்ணாடிக் கதவு, காற்று வெளியே போகாத ஏற்பாடு, வாசலில் ஆள், எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் இரத்தம் வேறு எடுக்கிறார்களாம். உண்ணிகளிடமிருந்து எடுத்த கிருமியை ஆராயப் போனவளிடம் உண்ணி செய்கிற வேலையையே அவர்கள் செய்கிறார்கள். இதில் இருக்கிற நியாயத்தை நீ பாராட்ட வேண்டும்.

நீ சொன்னதைப் பற்றியெல்லாம் நான் தேடிப் படித்துவிட்டேன். கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல். நமக்கெல்லாம் ஒரு பாஸ்போர்ட் எடுக்கவே ஈப்போவில் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, இந்தக் கிருமிக்கு மட்டும் இரண்டு ஊர்ப் பெயர். அது இருக்கிற உண்ணியும் நம் பெரியப்பாவின் மாட்டு உண்ணி மாதிரி சோம்பேறி இல்லையாமே. காலில் கோடு போட்ட சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஆளைக் கண்டால் ஓடியே வருமாமே. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, மனிதனுக்குத்தான் உள்ளே இருக்கிற இரத்தம் வெளியே வரும் என்றும் படித்தேன். அந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் மைலோ குடித்தேன். பயமில்லை, தாகம்.

அம்மா பற்றிச் சொல்ல வேண்டும். வெளிக் கையுறை கிழிந்ததையும் உள்ளே போட்டிருந்ததில் ஈரம் இருந்ததையும் நீ சொன்னபோது, அப்பா ஆயிரம் கேட்டார். அம்மா கேட்டது ஒன்றுதான்: “எந்தக் கம்பெனி கிளவுசு?” நீ தெரியாது என்றாய். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பேச்சு இல்லை. பேக்டரியில் நாள் முழுக்கக் கையுறைக்குக் காற்றடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஒதுக்குகிறவள், வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறாள். பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடிக்கிறாள். பால் பாக்கெட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள். நேற்று என் பள்ளிச் சாக்ஸைத் தூக்கிப் பிடித்தாள். அதில் ஓட்டை தேட விளக்கே தேவையில்லை.

நம் குடும்பம் ரப்பரை விடவே இல்லை, கவனித்தாயா? தாத்தா மரத்தில் பால் எடுத்தார். மரம் போய் எண்ணெய்ப்பனை வந்ததும் அம்மா கையுறை பேக்டரிக்குப் போனாள். நீ அதைப் போட்டுக்கொண்டு கிருமியைத் தொடுகிறாய். நான் வாரம் ஓர் அழிரப்பர் தொலைக்கிறேன்.

சரி, கலவரத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே, “ஏன்டா பவி, ஒங்கக்காவுக்கும் வயசு ஏறிக்கிட்டுப் போவுதே, அங்க யாரையாச்சும் பாத்து வச்சிருக்காளா?” என்று கேட்டார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய்க்கு மூடி கிடையாது. “ஆமா அத்தை, அக்கா உண்ணியோடதான் இருக்கு. காலையில போனா உண்ணி, சாயங்காலம் வரைக்கும் உண்ணி. உண்ணி இல்லாம அக்காவால ஒரு நாள் ஓட்ட முடியாது லா” என்றேன்.

அத்தை துணிக்கிளிப்பை வாயில் கவ்வியபடியே நின்றுவிட்டார். நான் சொன்னது மூணு சுழி. அவர் காதில் போனது ரெண்டு சுழி. சுழியைக் காற்றில் எழுதியா காட்ட முடியும்? காட்டியிருக்கலாம்தான். சிரிப்பை அடக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் உன்னி ஒரு மலையாளி ஆனார். மறுநாள் தாப்பாவில் அத்தையின் தங்கச்சி வீட்டில் என்ஜினியர் ஆனார். கோலா கங்சாருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முன்னந்தலை வழுக்கையாகி, முதல் மனைவியோடு விவாகரத்தும் முடிந்திருந்தது. நேற்று பெரியப்பா போன் பண்ணி அப்பாவிடம், “ஞாயித்துக்கெழமை வாரேன், தினேசு விசயமா ஒக்காந்து பேசணும்” என்றார். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. அப்பா வெளுத்துப்போனார். உன் தனி அறை விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது என்று நினைத்துவிட்டார். அவர் நினைப்பது ஒன்று, பெரியப்பா நினைப்பது ஒன்று. இரண்டும் தெரிந்த ஒரே மேதை நான். ஒரு சுழி குறைந்ததில் குடும்பமே சுழியில் மாட்டிக்கொண்டது.

நீ கவலைப்படாதே. ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியப்பா கோயில் தலைவராக இருக்கலாம், மாட்டுப்பட்டிக்கு மன்னராக இருக்கலாம். ஒரே பேச்சில் உட்கார வைக்கிறேன் பார். பள்ளிப் பேச்சுப் போட்டியில் மைக் வேலை செய்யாதபோதே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காய்ச்சல் உனக்கு வேண்டாம். எனக்குத்தான் வீட்டில் தினமும் காய்ச்சுகிறார்களே, நம் குடும்பத்துக்கு அது போதும்.

உன் வீரத் தம்பி,
பவித்ரன்.


பெல்மோர் தோட்டம்.
திங்கட்கிழமை. பள்ளிக்கு மட்டம்; வயிற்றுவலி என்று பேச்சு.

போருக்குப் போய்த் திரும்பிய தம்பி, காவலில் இருக்கும் அக்காவுக்கு எழுதுவது.

உன் பதில் கிடைத்தது. ரைஸ் குக்கருக்கு நீ எழுதிய இரங்கல் செய்தியை அதன் மூடியில் ஒட்டியிருக்கிறேன். உன்னிக்கு வழுக்கை என்றதும் உன் நர்ஸ் ஓடி வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய் என்று எழுதியிருந்தாய். அந்த நர்சுக்கு என் வணக்கம். இன்று காலைப் படத்தில் முப்பத்தாறு புள்ளி எட்டு. நல்ல எண். அதையே வைத்துக்கொள், புதிதாக எதையும் முயற்சி செய்யாதே.

ஆனால் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாயே. ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டேன், காய்ச்சல் வராவிட்டாலும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், அம்மாவை இதற்கு மேல் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை என்று. அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலில் நேற்று நடந்ததைக் கேள். கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

பெரியப்பா புந்தோங்கிலிருந்து ஒரு பை கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு, கோயில் கூட்டத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாரியம்மா அத்தை, கையில் தட்டு ஏதும் இல்லாமல், சும்மா வந்த மாதிரி. அம்மா பால் விடாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். நான் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். சிரிப்பு வந்தால் திரும்பிக்கொள்ள அதுதான் வசதி.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். “தம்பி, மலையாளத்தான்னா என்னா, அவனும் மனுசந்தான். ஆனா பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யணுமா இல்லியா? சொல்லு, அந்த உன்னி எப்படி?”

அப்பாவின் காதில் மலையாளம் விழவே இல்லை. உண்ணி மட்டும்தான் விழுந்தது. விஷயம் தெரிந்துதான் கேட்கிறார் என்று முடிவு பண்ணிவிட்டார். “அதுல நல்லது கெட்டது என்னாண்ணே, ரத்தத்த உறிஞ்சுறதுதான் அதோட வேல” என்றார்.

“அடப்பாவி! அப்ப குடிகாரனா?”

“குடிக்கும்ணே. குடிச்சா பத்து மடங்கு உப்பிடும்.”

மாரியம்மா அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டேன். பெரியப்பா, “இப்ப எங்க இருக்கான் அவன்?” என்று கத்தினார்.

“டப்பாவுலதான் அடச்சு வச்சிருக்காங்க. அதுலேர்ந்து எடுத்த கிருமிதாண்ணே… கிளவுசு கிழிஞ்சு, புள்ள கையில பட்டுச்சா படலியான்னு தெரியாம, தனி ரூம்புல வச்சு…” என்று சொல்லிக்கொண்டே போன அப்பா அங்கே நிறுத்திவிட்டார். நான் அலமாரிக்குள்ளிருந்து தலையை எடுத்தேன். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு நான்தான் சுழி விளக்கம் கொடுத்தேன். பெரியப்பா என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடச் சொன்னார், அது வழக்கம்தான். அடுத்து, “மாட்டு உண்ணிக்கா இந்தப் பாடு? நான் நகத்தால நசுக்காத உண்ணியா? எனக்கு என்னா ஆயிப்போச்சு?” என்று சிரிக்கப் பார்த்தார். அப்பா அந்தக் காய்ச்சல் என்ன செய்யும் என்று சொன்னார். பெரியப்பா கையில் இருந்த கச்சானைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். வந்துவிடச் சொல். படித்தது போதும். கிருமியோடு குடித்தனம் பண்ணவா பெண்ணை வளர்த்தோம்? இங்கே ஏதாவது ஒரு கிளினிக்கில் இரத்தம் பார்க்கிற வேலை கிடைக்காதா? கடைசியில் பெரியப்பா வழி கண்டுபிடித்தார். நீ யார் சொன்னாலும் கேட்க மாட்டாய், அம்மா சொன்னால் கேட்பாய் என்று அவருக்குத் தெரியும். அம்மா கையில் போனைக் கொடுத்து, “விமலா, நீ வந்து சேர்ற வரைக்கும் நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு அழுது அனுப்பு. மறு பிளேன்ல வந்து நிப்பா பாரு” என்றார். உண்ணிக்கு எதிராக ஓர் உண்ணாவிரதம். இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

அப்போதுதான் அக்கா, உன் தம்பி எழுந்தேன்.

பேச்சை அப்படியே எழுதுகிறேன், கேள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். “யாரும் அழுது அனுப்பப் போறதில்ல” என்றேன். “மாமா, நீங்க உண்ணிய நகத்தால நசுக்குறீங்க. அந்தக் கிருமி இருக்கிற ஊருலயும் ஒரு மாட்டுக்காரன் அப்படித்தான் நசுக்குறான். ஒரு வாரத்துல செத்துப்போறான். அவனுக்குத் துணி மாத்துன பொண்டாட்டி சாவுறா. அவளப் பாத்த நர்சு சாவுது. இந்தக் காய்ச்சலு மாடு மேய்க்கிறவன், ஆடு அறுக்கிறவன், இவங்களத் தேடித்தான் வருது. மாடி வீட்டுல இருக்கிறவனத் தேடி வந்திருந்தா இந்நேரம் மருந்து கண்டுபிடிச்சிருப்பான். நம்ம புள்ளதான் பாக்குது. அதையும் வான்னு கூப்புட்டா வேற யாரு பாப்பா?”

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. அந்தக் கிருமி நம் உடம்புக்குள் நுழைய ஒரு சாவி வைத்திருக்கிறது என்றும், காய்ச்சல் வந்து பிழைத்தவர்களின் இரத்தத்தில் அந்தச் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஒரு பொருள் இருக்கிறது என்றும், எது பிடிக்கிறது, எது வழுக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் உன் வேலை என்றும் சொன்னேன். “ஓட்ட எங்க இருக்குன்னு பாத்து அடைக்கிற வேல. அது கேவலமான வேலையா?” என்று கேட்டேன். “பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே இருக்கலாம், தப்பில்ல. அதுக்காக அவ காலக் கட்ட வேணாம்” என்று முடித்தேன்.

மாரியம்மா அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பெரியப்பா ஆறிப்போன தே ஓவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “சரி லா. இருக்கட்டும். கோயில்ல அவ பேருல ஒரு அர்ச்சன பண்ணிடுறேன்” என்றார். அதோடு கூட்டம் கலைந்தது.

இன்று காலை மாட்டுப்பட்டிப் பக்கம் போனேன். அவருடைய செல்ல மாடு புஷ்பலதா இருக்கிறதே, அதன் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் நீலக் கையுறை. என்னைப் பார்த்ததும், “என்னாடா பாக்குற, போடா” என்றார். புஷ்பலதா டாக்டரிடம் வந்த நோயாளி மாதிரி மரியாதையாக நின்றது.

ஆகவே அக்கா, நீ அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே. எல்லா வீட்டிலும் எப்போது வருகிறாய் என்று எழுதுவார்கள். நான் எழுதுகிறேன், வராதே. வேலை முடியாமல் வராதே. பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன், எல்லாரையும் வாயடைக்க நான் ஒருவன் போதும். நீ அந்தச் சாவியைப் பிடி.

நீ நூறு வயது இருந்து, என் பேரப்பிள்ளைகளையும் எழுத்துப்பிழைக்காகத் திட்ட வேண்டும் என்று வாழ்த்தும்,
பெல்மோர் தோட்டத்துச் சிங்கம்,
பவித்ரன்.

பி.கு.

இதை எழுதி முடித்துப் படம் எடுத்து, அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். நல்ல பேச்சு. ஆனால் உன் ராஜினாமாவைக் கிழிக்க அது போதாது. நீ பயப்படுவது பெரியப்பாவுக்கு இல்லையே.

அதனால் சொல்லிவிடுகிறேன். நீயே கண்டுபிடித்திருப்பாய். ‘மாமா’ என்று எழுதிவிட்டேன், நான் பெரியப்பாவை எப்போது மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன்? இந்த வீட்டில் அவரை அப்படிக் கூப்பிடுவது ஒருத்திதான்.

நான் எழுந்தது உண்மை. “பெரியப்பா” என்று தொடங்கியதும் உண்மை. அதில் ‘பெ’ மட்டும்தான் வெளியே வந்தது. மீதி மூக்கு வழியாக வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெல்மோர் தோட்டத்துச் சிங்கம் நேராக அடுப்படிக்கு ஓடி, காலமான ரைஸ் குக்கரைக் கட்டிக்கொண்டு அழுதது. மைலோ குடித்ததும் தாகத்துக்கு இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தது அம்மா. பேசியது எல்லாம் அம்மா. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா “பசியாறிட்டியா” என்று மட்டும்தான் கேட்பாள், மீதியை நீ காற்றோடு பேசுவதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா? ஒன்றைக்கூட அவள் விடவில்லை. சாவியையும் சொன்னாள், அந்த மாட்டுக்காரனையும் சொன்னாள், நர்சையும் சொன்னாள். குரல் உயரவே இல்லை. பெரியப்பாவின் கையுறையும் அம்மா கொடுத்ததுதான்.

எல்லாவற்றையும் நான் சொன்னதாக எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை. என் வாயில் அது உட்காரவில்லை. பெரியப்பா கடைசியாக, “ஏம்மா, ஓட்டக் கிளவுசால புள்ள சாவக் கெடக்கு, ஒனக்குப் பதறலியா?” என்று கேட்டார். அதற்கு அம்மா சொன்னது இது:

“அது எங்க பேக்டரி கிளவுசா இருக்கலாம் மாமா. என் கையில வந்து, நான் பாத்து, சரின்னு விட்டதா இருக்கலாம். சோறு எறங்கல எனக்கு. ஆனா நான் வேலைய விட்டேனா? நாளைக்கும் போவேன். இன்னும் நல்லாப் பாப்பேன். நான் விட்டுட்டா அந்த எடத்துல யாரு நின்னு பாப்பா? அவளும் அப்படித்தான்.”

கூட்டம் கலைந்த பிறகு அடுப்படிக்கு வந்து என் கையிலிருந்து ரைஸ் குக்கரைப் பிடுங்கி வைத்தாள். “நான் பேசுனேன்னு அவகிட்ட சொல்லாத. அப்புறம் எனக்காக அங்க இருப்பா. எனக்காக வரவும் வேணாம், எனக்காக இருக்கவும் வேணாம்” என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா சொல்லைக் காப்பாற்றத்தான் பேச்சை என் பெயரில் எழுதினேன் என்று சொல்லலாம். பாதி அதுதான். மீதிப் பாதி, ஒரு தடவையாவது அப்படிப் பேசியவனாக நான் உனக்குத் தெரிய வேண்டும் என்கிற ஆசை.

ராஜினாமாவைக் கிழித்துப் படம் எடுத்து அனுப்பு. அம்மா கேட்டால் சிங்கத்தின் பேச்சைப் படித்துத்தான் கிழித்தேன் என்று சொல். சாயங்காலத் தெர்மாமீட்டர் படத்தை மறக்காதே. அது அப்பாவுக்காக என்பது போல இதுவரை எழுதினேன்.

எனக்குத்தான் அக்கா. அது வரும்வரை எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை. பழியைப் பாவம் ரைஸ் குக்கர் மேல் போட்டுவிட்டேன்.

‘பெ’ மட்டும் சொன்ன,
பவி.